சாட்சியில்லாச் சட்டம்

நீதிமன்றங்களில் பழகியவர்கள் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. சட்டப் புத்தகத்தில் எவ்வளவு கடுமையான தண்டனை எழுதப்பட்டிருந்தாலும், குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியில்லாவிட்டால் அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான். நாம் உண்ணும் உணவிலும் குடிக்கும் பாலிலும் கிருமிகொல்லி மருந்துகள் கலவாதபடி தடுக்க வந்த சட்டங்களின் நிலைமை இன்று இதுவே. சட்டம் இருக்கிறது, எந்த மருந்து எவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று அளவு குறிக்கப்பட்டிருக்கிறது, அதை நடத்த அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் மாட்டுத் தொழுவத்தின் வாசலிலும் இறால் குட்டையின் கரையிலும் நின்று, இதில் மருந்து இருக்கிறது அல்லது இல்லை என்று அப்போதே சொல்லும் சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை நம் மண்ணில் கிடைக்கும் கழிவுப் பொருள்களைக்கொண்டே உண்டாக்கலாம் என்றும், அந்த முயற்சியை நெய்வேலியில் தொடங்குவதே பொருத்தம் என்றும் நாம் கருதுகிறோம்.

முதலில் அபாயம் இன்னதென்று சொல்லிவிடுவோம். ஆன்டிபயாட்டிக் என்று வைத்தியர்கள் கூறும் இம்மருந்துகள் மனித குலத்துக்குக் கிடைத்த பெரும் வரம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் கிருமிகள் மடியாத அளவுக்குக் குறைவாக மருந்து கொடுத்தால் அவை அம்மருந்துக்கே பழகிவிடும் என்று, பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர்க் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று விஞ்ஞானிகள் 2022-ல் கணக்கிட்டு வெளியிட்டனர். நோயாளிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சீட்டினால் மட்டும் இந்நிலைமை வந்துவிடவில்லை. பாலிலும் இறாலிலும் கோழியிறைச்சியிலும் சிறுகச் சிறுக உள்ளே போகும் மருந்துக்கும் இதில் பங்குண்டு. பிளெமிங் அஞ்சிய குறைந்த அளவு என்பது இதுதான்.

இம்மருந்து உணவுக்குள் எப்படி வருகிறது? கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் மருந்தை ஊசியாகவோ காம்பின் வழியாகவோ செலுத்துகிறார்கள். அதன் பிறகு சில தினங்கள் அந்தப் பாலை விற்கலாகாது என்பது விதி. இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு பிழைக்கும் குடியானவன் நாலு நாள் பாலைத் தரையில் ஊற்றிவிடுவானா? அவனைக் குறை சொல்வதற்கு முன்னால் நாம் அவன் நிலையில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். கோழிப் பண்ணைகளிலோ, நோயில்லாதபோதும் கோழி சீக்கிரம் கொழுப்பதற்காகவே கொலிஸ்டின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். வேறு மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு ஆஸ்பத்திரிகளில் கடைசி ஆயுதமாக எடுக்கப்படும் மருந்து இது. மத்திய சர்க்கார் 2019 ஜூலையில்தான் பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தார்கள்.

தடை செய்ததும் கவலை தீர்ந்ததா? பாலின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டில் தேசமெங்கும் பாலைப் பரிசோதித்தது. 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் 77-ல் கிருமிகொல்லி மருந்து வரம்புக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றே சொச்சம்தானே என்று சிலர் ஆறுதல் அடையலாம். நமக்கு அந்த ஆறுதல் இல்லை. அந்த மாதிரிகள் 50,000-க்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள நகரங்களில் எடுக்கப்பட்டவை. பல தொழுவங்களின் பால் ஒன்றாய்க் கலந்த பிறகு, ஒரு தொழுவத்தின் குற்றம் நூறு தொழுவத்தின் பாலில் கரைந்துபோய்விடுகிறது. அன்றியும், ஆண்டுக்கு 18 கோடி டன்னுக்கு மேல் பால் கறந்த தேசத்தில் 6,432 மாதிரிகள் என்பது எம்மாத்திரம்? ஆணையத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றுள்ள பரிசோதனை முறையைக்கொண்டு அதற்கு மேல் செய்வது கடினம் என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

இறாலின் கதை இதைவிடச் சுவாரசியமானது. குளோராம்பெனிகால் என்ற மருந்து 1947-ல் கண்டுபிடிக்கப்பட்டு, டைபாய்டு ஜுரத்திலிருந்து எண்ணற்றவர்களைக் காப்பாற்றியது. ஆனால் வெகு சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையையே அழித்து ரத்தம் ஊறாமற் செய்துவிடும். எவ்வளவு உட்கொண்டால் அபாயமில்லை என்று வரையறுக்க முடியாததால், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கலாகாது என்று பல தேசங்கள் விலக்கின. நம் தேசமும் 2002-ல் மீன், இறால் வளர்ப்பில் அதைத் தடை செய்தது. பரிசோதனைச் சாலைகள் கண்டுபிடித்தே ஆகவேண்டிய அளவு என்று ஐரோப்பியர் 2003-ல் குறித்தது, கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம். அதாவது ஆயிரம் டன் இறாலில் ஒரு கிராமின் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாகாது. பின்னர் அதையும் குறைத்துவிட்டார்கள். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம், நம் வளர்ப்பு இறால் சரக்குகளில் நூற்றுக்குப் பத்தைப் பரிசோதித்து வந்ததை ஐம்பதாக உயர்த்தியது. திருப்பியனுப்பப்பட்ட சரக்கு எத்தனையோ விவசாயிகளின் கடனாக முடிந்தது.

ஐரோப்பியர் தம் ஜனங்களின் தட்டைக் காத்துக்கொள்வதை நாம் தவறென்று சொல்ல மாட்டோம். நமது கேள்வி வேறு. அவர்களுக்காகப் போகும் இறாலை அறுவடைக்கு முன்பே பரிசோதிக்க நாம் ஏற்பாடு செய்திருக்கிறோம். கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அதற்கென்று எலிசா பரிசோதனைச் சாலைகளை நடத்துகிறது. கடலூர்ச் சந்தைக்கும் சிதம்பரம் சந்தைக்கும் வரும் இறாலை அறுவடைக்கு முன் பரிசோதிப்பவர் யார்? கப்பலேறும் இறாலுக்கு ஒரு நியாயம், நம் குழந்தைகளின் இலைக்கு வரும் இறாலுக்கு ஒரு நியாயம் என்றால், சுதந்தரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்தும் நாம் நம்மை எவ்வளவு மதிக்கிறோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

தண்ணீரின் விஷயத்திலும் இதே கதைதான். ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவந்த நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்ஸசின் இருந்ததாக ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் 2007-ல் அறிவித்தனர். மருந்துண்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் தொழிற்சாலைக் கழிவுநீரில் இம்மருந்துகளுக்கு வரம்பு கட்டி நகல் விதிகளை வெளியிட்டனர். 2021 ஆகஸ்டில் விதிகள் முடிவாக வந்தபோது அந்த வரம்புகள் காணாமற்போயின. கடலூர் சிப்காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் இதை வேற்றூர்ச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. அளக்க எளிய வழி இல்லாத குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்குவது எவ்வளவு சுலபம் என்பதற்கு இது உதாரணம்.

இன்று சாட்சி சொல்லும் யந்திரங்கள் இல்லாமலில்லை. மருந்தைப் பிரித்து அதன் மூலக்கூற்றின் எடையையே நிறுத்துச் சொல்லும் பெரிய யந்திரங்கள் உண்டு. அவற்றின் விலை கோடி ரூபாய் அளவில் வரும். குளிர்பதன அறையும், தேர்ந்த ஆட்களும், தடைபடாத மின்சாரமும் வேண்டும். கிராமத்திலிருந்து மாதிரி போய், முடிவு திரும்பி வருவதற்குள் பால் காபியாகிவிடும், இறால் குழம்பாகிவிடும். தீர்ப்பு வரும்போது வழக்கில் சம்பந்தப்பட்ட சொத்தே மிஞ்சாது.

ஆகவேதான் மின்ரசாயன முறையை நாம் ஆதரிக்கிறோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளிகள் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சிறு பட்டையில் வைத்துச் சர்க்கரை பார்க்கிறார்களே, அந்தக் கருவி இதே ஜாதியைச் சேர்ந்தது. அதற்கு மூலமான முறையை அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க் 1962-ல் வகுத்தார். ஒரு மின்முனையில் குறிப்பிட்ட மின்னழுத்தத்தைக் கொடுத்தால், கரைசலில் இருக்கும் பொருள் அம்முனையில் எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் அல்லது வாங்கும். அதனால் ஓடும் மின்சாரத்தை அளந்தால் பொருளின் அளவு தெரியும். குளோராம்பெனிகாலில் உள்ள நைட்ரோ தொகுதி எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும், டெட்ராசைக்கிளின் கொடுக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய மின்னழுத்தத்தில்தான் இதைச் செய்யும் என்பதால், அந்த இடத்தைக்கொண்டே ஆளை ஓரளவு அடையாளம் காணலாம்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கலாகாது. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் இருக்கும். இறாலில் நாம் தேடும் மருந்தோ அதில் முப்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவு வெறும் மின்முனையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. மின்முனையின் மேல், மருந்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு பூச்சு வேண்டும். இதற்காகப் பொன்னையும் பிளாட்டினத்தையும் அரிய உலோகங்களையும் ஆராய்ச்சிக்காரர்கள் உபயோகித்து வந்தனர். சமீப காலமாக அவர்கள் கவனம் தாவரக் கழிவிலிருந்து செய்யும் கரியின்பால் திரும்பியிருக்கிறது. அடுப்புக் கரியா என்று இகழ வேண்டாம். காற்றுப் புகாமல் கடுஞ்சூட்டில் வாட்டி, நுண்துளைகள் திறக்கும்படி பக்குவப்படுத்திய கரி ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரும். அதாவது கால் ஏக்கர். கைப்பிடிக்குள் ஒரு பண்ணையே அடங்கியிருக்கிறது. அத்தனை பரப்பிலும் மருந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. கரி மின்சாரத்தையும் கடத்துகிறது.

அந்தக் கரிக்கான பொருள் நெய்வேலியைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது. பண்ருட்டியில் முந்திரி ஓடும் பலாத்தோலும், கடற்கரையோரம் சவுக்கும், எங்கும் தேங்காய்ச் சிரட்டையும் கிடைக்கும். முந்திரி ஓட்டின் எண்ணெய் கையைப் பொத்துவிடும் என்பது அங்குள்ள தொழிலாளிகளுக்குத் தெரியும். எண்ணெயை எடுத்த பிறகு எஞ்சும் சக்கை அடுப்பெரிக்கப் போகிறது. கரியை மின்முனையில் ஒட்டவைக்க ஒரு பசை வேண்டுமே என்றால், இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளை எடுத்து அதற்கு உபயோகிக்கிறார்கள். இறாலின் குற்றத்தை இறால் ஓடே காட்டிக் கொடுக்கும் என்றால், இதைவிட நல்ல அப்ரூவர் எந்த வழக்கில் கிடைப்பான்!

பழுப்பு நிலக்கரி இருக்கும்போது முந்திரி ஓட்டைத் தேடுவானேன் என்று நெய்வேலி நண்பர்கள் கேட்கலாம். நிலக்கரியிலிருந்தும் இத்தகைய பொருள்களைச் செய்யலாம். அமெரிக்காவில் ரைஸ் சர்வகலாசாலையில் நிலக்கரியிலிருந்து கிராபீனின் நுண்துகள்களைச் செய்து 2013-ல் காட்டினார்கள். ஆனால் தோண்டத் தோண்டக் குறையும் ஒரு பொருளுக்கு, ஊர்ப் பெருமைக்காகப் பசுமை என்று பெயர் சூட்ட நாம் தயாராயில்லை. ஆண்டுதோறும் ஓடும் தோலுமாய் உதிரும் பொருளே நிலைத்து நிற்கும் பொருள். நெய்வேலியின் உண்மையான மூலதனம் வேறு. கரியைப் பக்குவப்படுத்தும் கைப்பழக்கம் அங்கு உண்டு. 1960-களில் அங்கே நிலக்கரியைக் கட்டிகளாக்கிக் காற்றில்லாமல் வாட்டி லெகோ என்ற பெயரில் அடுப்புக்கரி செய்தார்கள். அந்த ஆலை இன்று இல்லை. ஆயினும் சூளைகளையும் கொதிகலன்களையும் பரிசோதனைச் சாலைகளையும் அறிந்த தொழிலாளிகளும் என்ஜினீயர்களும் அந்நகரியத்தில் நிறைந்திருக்கிறார்கள்.

இம்முறையின் குறைகளையும் சொல்லிவிடுவதே நேர்மை. பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மின்முனையை மூடிவிடும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மருந்துகள் அநேகமாக ஒரே குரலில் பேசும். இந்த ஆண்டு முந்திரி ஓட்டில் செய்த கரியும் அடுத்த ஆண்டுக் கரியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வெளிவரும் வெற்றிகளில் பல, சுத்தமான மாதிரியில் தாமே மருந்தைக் கலந்து தாமே கண்டுபிடித்த வெற்றிகள். பசுமை என்ற சொல்லும் சில இடங்களில் வெறும் சாயமாக இருக்கிறது. இலைச் சாற்றைச் சேர்த்ததனால் வெள்ளித் துகள் விறகுக் கட்டையாகிவிடாது. கரியைப் பதப்படுத்தக் கடுமையான அமிலத்தைக் கொட்டி, அந்த அமிலத்தை ஓடையில் விட்டு, மேலே பிளாஸ்டிக் பட்டையில் பூசி, உபயோகித்தபின் குப்பையில் எரித்தால், ஒரு விஷத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு விஷத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம். பொருள் எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்யப்பட்டது, உபயோகித்தபின் எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாத கருவியை நாம் வாங்கலாகாது.

இக்குறைகளுக்காக முயற்சியைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சட்டம் பயின்றவர்கள் முதல் தகவல் அறிக்கைக்கும் முடிவான தீர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அறிவார்கள். கிராமத்துக் கருவி முதல் தகவல் கொடுக்கட்டும். சந்தேகம் விழுந்த மாதிரி மட்டும் பெரிய யந்திரத்துக்குப் போகட்டும். நூறு மாதிரிகளை அனுப்புவதற்குப் பதில் ஐந்தை அனுப்பினால் போதும். முதலில் பாலில் தொடங்குவதே விவேகம். உலக உணவுத் தர விதிகளின்படி பாலில் டெட்ராசைக்கிளினுக்குள்ள வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். இறாலில் தேடுவதைவிட இது முந்நூறு மடங்கு பெரிய இலக்கு. எளிய வழக்கில் வென்று பழகியபின் கடினமானதை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தகைய காரியம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்ததனால்தான் மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதே நேருதான் 1957 மே மாதத்தில் நெய்வேலியில் சுரங்க வேலையையும் தொடங்கி வைத்தார். ஒன்று மின்சாரத்தையும் ரசாயனத்தையும் சேர்த்துப் படிக்கும் இடம். மற்றொன்று கரியிலிருந்து மின்சாரம் செய்யும் இடம். இவ்விரண்டும் கைகோத்து, சிதம்பரத்து அண்ணாமலை சர்வகலாசாலையும், பரங்கிப்பேட்டையில் உள்ள அதன் கடல் உயிரியல் நிலையமும், முந்திரி ஆராய்ச்சி நடக்கும் விருத்தாசலத்து விவசாய ஆராய்ச்சி நிலையமும் துணை நின்றால், இதற்கு அன்னியரிடம் கையேந்த வேண்டிய அவசியம் என்ன?

பணம் எங்கே என்று கேட்பார்கள். லாபம் ஈட்டும் பெரிய கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் விதி. நிலத்தையும் நிலத்தடி நீரையும் கொடுத்த கிராமங்களுக்கு நெய்வேலி நிறுவனம் செலுத்த வேண்டிய கடன் பெரிது. அந்தக் கடனில் ஒரு தவணையாக, அங்கே ஒரு சிறு கரிப் பட்டறையையும் பட்டை செய்யும் கூடத்தையும் அமைக்கட்டும். நிலம் இழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதில் வேலை கொடுக்கட்டும். மத்திய சர்க்கார் செய்ய வேண்டியவை இரண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் இத்தகைய கருவிகளுக்குத் தரம் நிர்ணயித்து, அவற்றின் முடிவை முதற்கட்டச் சோதனையாக அங்கீகரிக்க வேண்டும். 2021-ல் கைவிட்ட கழிவுநீர் வரம்புகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாகாண சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று. கூட்டுறவுப் பால் சங்கங்களில் கொழுப்பை அளந்து விலை போடுவதுபோல, மருந்தில்லாத பாலுக்குக் கூடுதல் விலையும், மாட்டுக்கு வைத்தியம் நடக்கும் நாட்களில் கொட்டும் பாலுக்கு ஈடும் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நாம் மிகவும் வற்புறுத்துகிறோம். ஏழையைப் பிடித்துக் கொடுக்கும் கருவி கிராமத்துக்குள் வந்தால் அதை உடைத்துப் போடுவார்கள்; அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏழையின் நாணயத்தை நிரூபித்து, அவனுக்கு நல்ல விலை வாங்கித்தரும் கருவி வந்தால் அவனே அதைக் காப்பாற்றுவான். இன்று நாணயமானவனும் மற்றவனும் ஒரே கேனில் பாலை ஊற்றி ஒரே விலையை வாங்குகிறார்கள். கப்பலிலிருந்து சரக்குத் திரும்பி வரும்போது மருந்தே போடாத விவசாயியும் சேர்ந்தே நஷ்டமடைகிறான். சாட்சி என்பது குற்றவாளிக்கு எதிராக மட்டும் வருவதன்று. குற்றமற்றவனை விடுவிக்கவும் அதுவே வரவேண்டும்.

நெய்வேலிக் கரி இவ்வளவு காலம் நம் வீடுகளுக்கு விளக்கேற்றியது. இனி அந்த மண்ணின் முந்திரி ஓட்டுக் கரி நம் அடுக்களையில் எது உணவு, எது மருந்து என்று பிரித்துக் காட்டட்டும். சென்னையிலும் டில்லியிலும் ஆள்பவர்கள் தாமாக முன்வருவார்கள் என்று நாம் காத்திருக்கலாகாது. கடலூர் ஜில்லாவின் பால் சங்கங்களும் இறால் வளர்ப்போரும் தொழிற்சங்கங்களும் ஒன்றுகூடித் தீர்மானம் நிறைவேற்றி இதைக் கேட்க வேண்டும். சட்டம் வந்துவிட்டது. சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது ஜனங்களின் கடமை.